படத்தின் முதுகில் ஐந்து சீட்டுகள்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவரை எல்லோரும் கவர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இரண்டாவது மாடியில், அச்சு இயந்திரம் ஓடும்போது தரை அதிர்ந்து உள்ளங்கால் வரை கூசும் ஓர் அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். அலமாரி முழுக்கப் பழுப்பு நிறக் கவர்கள். கவருக்குள் படங்கள். வெள்ளம், தீ விபத்து, அமைச்சர்கள் சிரித்தது, அமைச்சர்கள் முறைத்தது, எல்லாம் அகர வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

"கவர்க்காரரே, அவசரமா ஒரு வெள்ளம் குடுங்க" என்று யாராவது மூச்சு வாங்க ஓடி வருவார்கள். "போன வருஷத்து வெள்ளமா, அதுக்கு முந்தின வெள்ளமா? முழங்காலா, இடுப்பா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். அப்படி ஒரு ஞாபகம். வீட்டில் தன் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மட்டும் தெரியாது.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையே அதில்தான் இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் பத்திரிகையில் வந்தால், அதன் கீழே என்ன எழுதினார்கள் என்பதை ஒரு சிறு சீட்டில் தட்டச்சு செய்து, தேதி போட்டு, படத்தின் முதுகில் ஒட்டவேண்டும். அதே படம் மறுபடி வந்தால் புதுச் சீட்டு. பழையதைக் கிழிக்கக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி, பழைய சீட்டின் மேலேயே ஒட்டவேண்டும், நாள்காட்டித் தாள்போல. தூக்கித் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு காலத்திலும் அந்தப் படத்தை என்னவென்று சொன்னார்கள் என்று தெரியும். ஆனால் யார் தூக்கிப் பார்த்தார்கள்? எல்லோருக்கும் முன்பக்கம்தான் வேண்டும்.

கவர்க்காரருக்கு ஒரே ஒரு தங்கை. இவரைவிட ஐந்து வயது சின்னவள். வாய்த் துடுக்கு. ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்தார்கள். அக்கரை என்றால் வேறு நாடு. அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. படகில் ஏறினால் அரைமணி நேரம். மாப்பிள்ளைக்கு அங்கே நகராட்சி வாசகசாலையில் வேலை. வரும் பத்திரிகைகளைக் கம்பியில் கோத்து மேசையில் வைப்பார். நம் பத்திரிகையும் மூன்று நாள் தாமதமாக அங்கே போகும். அவர்கள் பத்திரிகை இங்கே வரும்.

கவர்க்காரர் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் ஆற்றின் மேல் பாலம் திறந்தார்கள். இரண்டு பக்கத்துக் கூட்டமும் பாலத்தின் நடுவில் கட்டிய கயிறு வரை வந்து நின்றது. கவர்க்காரரும் லீவு போட்டுவிட்டு இக்கரைக் கூட்டத்தில் போய் நின்றார். அக்கரைக் கூட்டத்தில் இருந்த தங்கை இவரைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்வரிசைக்கு முண்டியடித்து வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கையில் பையைப் பிடித்து மறு கையை உயரத் தூக்கி, "அண்ணா! அண்ணா!" என்று கத்தினாள். அந்த நொடியில் அலுவலகப் புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். அன்று எடுத்தவை மொத்தம் முப்பது. மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது இதுதான். கவர்க்காரர் தன் கையால் முதல் சீட்டை ஒட்டினார்: "பாலம் திறப்பு விழா. அமைச்சரைக் கையசைத்து வரவேற்கும் சகோதர நாட்டு மக்கள்."

அமைச்சரை அவள் எங்கே பார்த்தாள்! இவர் சிரித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது.

"ஏண்ணா, படம் போட்டதுதான் போட்டீங்க, தலை சீவினப்புறம் எடுத்திருக்கக் கூடாதா? வாசகசாலைக்கு வர்றவங்க எல்லாம் உங்க வீட்டுக்காரம்மா ஏன் இப்படி முறைக்கிறாங்கன்னு இவர கேக்கறாங்களாம். எனக்கு மானம் போகுது. ஆனா ஒண்ணு, லெட்டர் எழுதச் சோம்பேறித்தனமா இருந்தா இனிமே இந்தப் படத்தையே போட்டுடு. அண்ணன் சௌக்கியம்னு நெனச்சுக்கறேன்."

விளையாட்டாக எழுதிய வார்த்தை. மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து இரண்டு நாடுகளும் ஏதோ ஒப்பந்தம் போட்டன. படம் கேட்டு வந்தபோது பாலத்துக் கவரிலிருந்து கவர்க்காரர் இதைத்தான் எடுத்து நீட்டினார். இரண்டாம் சீட்டு: "ஒப்பந்தத்தை வரவேற்று மகிழும் அண்டை நாட்டினர்." சகோதர நாடு அண்டை நாடாகியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, இவரும்தான். தங்கை மட்டும், "படம் வந்துச்சு, சௌக்கியம் தெரிஞ்சுச்சு, சோம்பேறி" என்று மூன்றே வரியில் எழுதியிருந்தாள்.

அப்புறம் தண்ணீர்த் தகராறு வந்தது. மேலே அணை கட்டினார்கள், கீழே வயல் காய்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் பத்திரிகைகளைப் படித்திருக்கிறேன். இக்கரைப் பத்திரிகை அக்கரைக்காரனைத் திட்டியது. மூன்று நாள் கழித்து வரும் அக்கரைப் பத்திரிகை அதே வார்த்தைகளில் நம்மைத் திட்டியது. இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்போல. கவர்க்காரர் அவர்கள் பத்திரிகையையும் ஒரு வரி விடாமல் பார்ப்பார். திறப்பு விழா அன்று பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் எடுத்த படத்தில் இக்கரைக் கூட்டம் இருக்கும். "ஆத்திரத்தில் திரண்ட எதிர்க்கரைக் கூட்டம்" என்று போட்டிருப்பார்கள். அதில் தன் முகத்தைத் தேடுவார். எந்தப் படத்திலும் ஒரு போலீஸ்காரரின் தொப்பிதான் அவர் மூஞ்சியை மறைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே மூன்றாம் சீட்டு ஒட்டப்பட்டது: "தண்ணீர் தர மறுத்துக் கோஷமிடும் அக்கரை மக்கள்." பசை தடவும்போது கவர்க்காரருக்குக் கொஞ்சம் உறுத்தியது. வீட்டில் சொன்னார். மனைவி விவரமானவள்.

"ஏங்க, அந்தக் கவர்ல முப்பது படம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? வேற ஒண்ண எடுத்துக் குடுத்தா என்ன?"

"தங்கச்சி பார்ப்பா இல்ல? பாத்தா ஒரு சந்தோஷம்."

"அது சரி. கீழ எழுதியிருக்கறத யார் பார்ப்பா?"

"கீழ எழுதறது என் வேலை இல்லையே. எடுத்துக் குடுக்கறதுதான் என் வேலை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்.

பாலம் திறந்த ஒன்பதாம் வருஷம் அதை மூடினார்கள். தபாலையும் நிறுத்தினார்கள். ஆனால் கூத்தைக் கேளுங்கள், கடிதம் போகாதே தவிர, பத்திரிகை போகும்! மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் தாமதமாகப் போகும். எதிராளி நம்மை என்ன திட்டுகிறான் என்று தெரியாமல் இருந்தால் இரண்டு அரசாங்கத்துக்கும் தூக்கம் வராதே. அதனால் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று நாலு வரி எழுதிப் போட வழியில்லை. எட்டுப் பக்க வசை தடையில்லாமல் போய்வந்தது. அந்த வருஷம்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள். அக்கரைக்குத் தகவல் சொல்ல முடியவில்லை. அதே மாதம் பாலத்துப் படம் கேட்டு ஆள் வந்தபோது, கவர்க்காரர் தங்கையின் படத்தையே எடுத்துக் கொடுத்தார். அது அவருக்குச் செய்தி இல்லை, கடிதம். "பாலத்தை மறித்து நிற்கும் கூட்டம்" என்று நாலாம் சீட்டு.

பல மாதம் கழித்து, மூன்றாவது நாட்டில் வேலை பார்க்கும் யாரோ ஒருவர் கைமாற்றி ஒரு துண்டுத் தாள் வந்தது. "படம் வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பாக்கறாங்க. பரவாயில்ல. அம்மா எப்படி இருக்காங்க?"

கவர்க்காரர் "பரவாயில்ல" என்ற வார்த்தையைப் பத்து தடவை படித்தார். மனைவி அவர் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மாதிரி பாக்கறாங்களாமே" என்றாள். அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதினோராம் வருஷம் எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. மத்தியானம் செய்தி ஆசிரியரே மாடி ஏறி வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனுஷர்.

"கவர்க்காரரே, பாலத்துப் படம் ஒண்ணு. கூட்டம் வேண்டாம், மூஞ்சி வேணும். கோவமா ஒரு மூஞ்சி. அந்தக் கை தூக்கின பொண்ணு இருக்கே, அது."

எடுத்துக் கொடுத்தார். செய்தி ஆசிரியர் அங்கேயே மேசையில் வைத்து, சிவப்புப் பென்சிலால் அவளைச் சுற்றி ஒரு சதுரம் போட்டார். பையும் கூட்டமும் சதுரத்துக்கு வெளியே போயின. வெயிலுக்குச் சுருங்கிய கண்ணும், திறந்த வாயும், தூக்கிய கையும் மட்டும் மிஞ்சின. அப்படி வெட்டிப் பார்த்தால், ஐயோ, கொலைவெறி பிடித்தவள்போலத்தான் இருந்தது.

சொல்லவேண்டிய வாக்கியம் கவர்க்காரரின் நாக்கு நுனி வரை வந்தது. சார், இது பதினோரு வருஷத்துக்கு முந்தின படம். இவ என் தங்கச்சி. என்னைப் பாத்துத்தான் கை தூக்கறா. இவ்வளவுதான் சொல்லவேண்டும். ஆனால் அந்த வாரம்தான் கணக்குப் பிரிவில் ஒருவரை, அக்கரையில் மாமனார் வீடு இருக்கிறது என்பதற்காக, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். இன்னொன்றும் இருந்தது, அதுதான் அவரைக் கடைசிவரை அரித்தது. மூஞ்சி பெரிதாக வருமே, தங்கை நன்றாகப் பார்ப்பாளே என்று மனதின் ஒரு மூலையில் ஒரு சின்ன சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார்.

ஐந்தாம் சீட்டு: "எல்லை தாண்ட வன்முறைக் கும்பலை ஏவிவிடும் அக்கரைப் பெண்."

அதற்கப்புறம் அக்கரையிலிருந்து ஒரு துண்டுத் தாளும் வரவில்லை. எட்டு வருஷம். மூன்றாவது நாட்டுக்காரர் மூலம் இவர் விசாரித்த இரண்டு தடவையும், "அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்" என்ற பதில்தான் வந்தது. மனைவி ஒரு நாள்கூட 'நான் அப்பவே சொன்னேனே' என்று குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. தங்கை உயிரோடு இருக்கிறாளா, இருந்தால் தன்னை என்னவென்று நினைக்கிறாள், இந்த இரண்டு கேள்வியும் அவரோடு பஸ்ஸில் ஏறி, அவரோடு மாடி ஏறி, அவரோடு சாப்பிட்டன.

பிறகு ஒரு நாள் இரண்டு தலைவர்கள் எங்கேயோ ஒரு மாநாட்டில் கை குலுக்கினார்கள். அவ்வளவுதான். பத்திரிகைகளுக்கு நாக்கு எப்படித்தான் அப்படிப் புரளுமோ! திங்கட்கிழமை எதிரி நாடு. வியாழக்கிழமை அண்டை நாடு. மாதம் முடிவதற்குள் 'ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சகோதரர்கள்'. அக்கரைப் பத்திரிகையிலும் அதே பாட்டு. செத்தவர்களைப் பற்றி ஒரு பத்திரிகையும் மூச்சு விடவில்லை. பாலத்தின் நடுவில், சொந்தக்காரர்கள் ஒரு பகல் மட்டும் சந்திக்கலாம் என்று அறிவித்தார்கள். கவர்க்காரர் பெயர் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வந்த பட்டியலில் தங்கையின் பெயர் இருந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அலமாரிகளுக்கு நடுவே நின்று, மூக்கு ஒழுக ஒழுக அழுதார்.

சந்தோஷத்தில் மனுஷனுக்கு வாய் நிற்கவில்லை. செய்தி ஆசிரியரிடமே போய், "சார், அந்தக் கை தூக்கின பொண்ணு என் தங்கச்சி சார்" என்று சொல்லிவிட்டார். இப்போது சொல்வதில் ஆபத்தில்லையே.

செய்தி ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னய்யா இது, இத்தன வருஷம் சொல்லவே இல்ல! பிரமாதம். அன்றும் இன்றும்னு போடுவோம். நம்ம போட்டோகிராபர கூட்டிட்டுப் போங்க. அதே எடத்துல, அதே மாதிரி கை தூக்கச் சொல்லுங்க."

கவர்க்காரர் தலையாட்டினார். சட்டைக்குள் அந்தப் படத்தையும் வைத்துக்கொண்டு அலுவலக வேனில் கிளம்பினார்.

பாலத்தில் காலை பத்து மணிக்குக் கம்பி வேலியைத் திறந்தார்கள். அக்கரையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தலை நரைத்து, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்த பெண்ணை இவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபோதுதான் தெரிந்தது. "தங்கச்சி!" என்று கத்தி, கையை உயரத் தூக்கி ஆட்டினார். பக்கத்தில் புகைப்படக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்தார். எதிர்ப்பக்கத்திலும் அவர்கள் பத்திரிகைக்காரர்கள் நாலைந்து பேர் கேமராவோடு நின்றார்கள்.

அவள் கை தூக்கவில்லை. இரண்டு கையாலும் பையை மார்போடு கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே வேகமாக வந்தாள். கிட்டே வந்து, பாலம் மூடிப் பத்து வருஷம் கழித்து அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"அண்ணா, மொதல்ல கைய கீழ போடு. படம் எடுக்கறாங்க."

அவர் கை தானாக இறங்கியது. புகைப்படக்காரரைத் திரும்பிப் பார்த்து, "வேண்டாம் தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும், போயிடு" என்றார். நல்ல பையன், கேமராவை இறக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

கூடாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மாவைப் பற்றி அவள் கேட்டாள், அவர் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, கேட்காமலே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பெருசா என் மூஞ்சி வந்துச்சே, அதுக்கு அடுத்த வாரம் வந்தாங்க. எதிரி பேப்பர்ல உன் படம் எப்படி வந்துச்சு, யார் குடுத்தா, அங்க உனக்கு யார் இருக்கான்னு கேட்டாங்க. பதினோரு மாசம் வெச்சிருந்தாங்க. இவருக்கு வாசகசாலை வேலை போச்சு. நான் வெளிய வந்தப்ப எல்லாரையும் விட்டு ஒதுங்கி இருந்தாரு. ரெண்டு வருஷத்துல தவறிப்போயிட்டாரு."

"யார் குடுத்தான்னு... நீ சொல்லலையா?" என்றார்.

"எனக்குத் தெரியாதா யார் குடுத்ததுன்னு? சொன்னா எங்க பேப்பர்ல உன் பேரப் போட்டுடுவாங்க. அப்புறம் உங்க ஊர்ல உன்ன சும்மா விடுவாங்களா? பிள்ளைங்கள வெச்சிருக்க. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், செத்துட்டான்னு சொல்லிட்டேன். தினமும் கேட்டாங்க, தினமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, கடைசில எனக்கே நீ செத்துட்ட மாதிரி ஆயிடுச்சுண்ணா."

அதே படத்துக்காகத்தான் இவரும் வாயைத் திறக்காமல் இருந்தார். பிள்ளைகளை நினைத்து. அவளும் இவர் பிள்ளைகளைத்தான் நினைத்திருக்கிறாள். இதை அவளிடம் சொல்லிவிட்டார், ஒன்றுவிடாமல், சிவப்புப் பென்சிலோடு சேர்த்து, அந்தச் சின்ன சந்தோஷத்தோடும் சேர்த்து. சொல்லிவிட்டு அவள் காலைத் தொடக் குனிந்தார். அவள் பிடித்து நிறுத்தி உட்காரவைத்தாள்.

"படம் கொண்டாந்தியா?"

எடுத்துக் கொடுத்தார். அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, மேல் சீட்டைப் படித்தாள். அதைத் தூக்கி அடுத்தது. அதற்கடுத்தது. கும்பலை ஏவும் பெண், பாலத்தை மறிக்கும் கூட்டம், கோஷமிடும் மக்கள், மகிழும் அண்டை நாட்டினர், அமைச்சரை வரவேற்கும் சகோதரர்கள். கடைசிச் சீட்டு மஞ்சளாகிப் போயிருந்தது. அதையும் தூக்கிப் பார்த்தாள். அடியில் வெறும் அட்டைதான்.

"இதுல எதுலண்ணா, நான் உன்னப் பாத்துக் கை காட்டினேன்னு எழுதியிருக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. தேடிப் பார்த்துக் கிடைக்காததால் கேட்டாள். "இத நீயே வெச்சுக்கோ" என்று படத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார். "ஐயோ, வேண்டாம். போகும்போது பைய சோதிப்பாங்க" என்று பதறிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாலு மணிக்கு விசில் ஊதினார்கள். அவள் நடந்தாள். வேலிக்கு அப்பால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இவர் கை பாதி எழுந்து, சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல் கீழே இறங்கிவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு சீட்டு எடுத்தார். அத்தனை வருஷ வேலையில் அவரே எழுதிய முதல் படக்குறிப்பு: "என் தங்கை. எனக்குக் கை காட்டுகிறாள்." ஐந்து சீட்டுக்கும் மேலே அதை ஒட்டி, படத்தைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். விதிப்படி அது திருட்டு. போகட்டும்.

மத்தியானம் செய்தி ஆசிரியர் வந்தார். "புதுசுதான் கெடைக்கலன்னு பையன் சொன்னான். சரி, பழசையாவது குடுங்க. கை தூக்கின பொண்ணு."

"அந்தப் படம் இல்ல சார்."

"இல்லன்னா? காணோமா?"

"இல்ல சார்."

கவர்க்காரர் எதையும் இல்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. என்ன ரகளை நடக்கப்போகிறதோ என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்தி ஆசிரியர் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பாலத்துக் கவரைத் தானே பிரித்து, மற்ற படங்களைச் சீட்டுக்கட்டுபோல விரித்து, ஒன்றை உருவினார். தோளில் குழந்தையோடு நிற்கும் யாரோ ஒரு ஆள். "சரி, இது போதும்" என்று சொல்லிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே படி இறங்கிப் போனார்.

முழுதாக ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

மறுநாள் பத்திரிகை வந்தது. "மீண்டும் மலர்ந்த உறவு" என்று அந்த ஆளின் படம். கவர்க்காரர் அன்று முழுவதும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கை தூக்கிய பெண்ணின் படம் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.